டீசல் தாருக்கு ஸ்நார்க்கல் பொருத்தலாமா? (ஒடுகத்தூர், ஜவ்வாது மலைப் பகுதி)

ஒடுகத்தூர் சாமைக்கடை:

அனைவருக்கும் வணக்கம். ஜவ்வாது மலைக் கிராமங்களில் சாமையும் புளியும் வாங்கி வந்து கீழே விற்பது எங்கள் குடும்பத் தொழில். என்னிடம் 2021-ஆம் ஆண்டின் மஹிந்திரா தார் டீசல் ஜீப் இருக்கிறது; 2.2 லிட்டர் இன்ஜின், நான்கு சக்கர இயக்கம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலையடிவாரக் கானாறுகளில் முழங்கால் அளவிலிருந்து சில நாள் தொடை அளவு வரை நீர் ஓடுகிறது. அதைத் தவிர, உத்தர காவேரியின் குறுக்கே உள்ள தாழ்வான தரைப்பாலங்களும் மழை வலுத்தால் மூழ்கிவிடுகின்றன. இந்த வண்டி 650 மி.மீ. ஆழம் வரை நீரில் செல்லும் என்று நிறுவனம் சொல்கிறது. ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) பொருத்தினால் அந்த அளவு கூடுமா, இன்ஜினுக்குள் நீர் புகாமல் இருக்குமா, எந்தப் பொருளில் செய்ததை வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். சட்டச் சிக்கல் ஏதும் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

காட்பாடி பட்டறை:

நண்பரே, நீங்கள் கேட்டவற்றில் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைச் சார்ந்தவை.

காற்றை அழுத்தினால் சுருங்கும், நீர் சுருங்காது. உங்கள் இன்ஜினின் கொள்ளளவு 2,184 சி.சி. நான்கு சிலிண்டர்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 546 சி.சி. வருகிறது. அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை, தோராயமாக 16-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 36 சி.சி. மட்டுமே. அதைவிடச் சற்று அதிகமான நீர் ஒரே சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் மேலே வர வழியில்லை. ஆனால் கிராங்கும் ஃப்ளைவீலும் சுழன்றுகொண்டே இருப்பதால், இடையில் அகப்பட்ட கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) வளைகிறது. வேகம் அதிகமாக இருந்தால் உடைந்து பிளாக்கையே துளைத்துவிடும். அரை டம்ளருக்கும் குறைவான நீர் போதும் என்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அந்த இடம் கொஞ்சம் பெரிது. டீசலில் ஆபத்து அதிகம்.

ஸ்நார்க்கல் செய்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ஜின் மூச்சு இழுக்கும் வாயைப் பானட்டுக்குள்ளிருந்து கூரை உயரத்துக்குக் கொண்டு போகிறது. அந்த வாய்க்கும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் நீர் புகாமல் இருந்தால் மட்டுமே அதற்குப் பயன் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் நீர் வடிவதற்கென்று ஒரு சிறிய ரப்பர் வால்வு இருக்கும். சில வண்டிகளில் வெறும் துளைதான் இருக்கும். இரண்டு மீட்டர் உயரத்தில் குழாயை வைத்துவிட்டு அந்தத் துளையைத் திறந்தே விட்டால், பெட்டி நீரில் மூழ்கும்போது இன்ஜின் அந்தத் துளை வழியாகத்தான் நீரை உறிஞ்சும். அப்படி வெறும் அலங்காரமாக மாட்டிய குழாய்களோடு வேலூர்ச் சாலைகளில் நிறைய வண்டிகள் ஓடுகின்றன.

நிறுவனம் சொல்லும் 650 மி.மீ. என்பது காற்று வாயின் உயரத்தை மட்டும் பார்த்துக் குறித்த எண்ணாக இருக்க முடியாது. மின்னணுப் பெட்டிகள், ஆல்டர்னேட்டர், கதவு ரப்பர், ஆக்சில் சுவாசக் குழாய் எல்லாம் அதில் அடங்கும். எனவே ஸ்நார்க்கல் வைத்ததால் அந்த எண் உயர்ந்துவிடாது. தொழிற்சாலையிலேயே ஸ்நார்க்கலோடு வரும் ஃபோர்ஸ் கூர்க்காவுக்குக் கூட 700 மி.மீ. என்றுதான் அறிவித்திருக்கிறார்கள், அதன் குழாயின் வாயோ கூரையருகே இருக்கிறது.

பாலாற்றங்கரை:

பட்டறைக்காரர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் இந்த ஊர்ப் பக்கத்து ஆபத்து ஆழத்தைவிட ஓட்டத்தில்தான் இருக்கிறது என்பதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாள்கள் மணலாகக் கிடப்பதால் வெள்ளம் எப்படி வரும் என்பதே நமக்கு மறந்துபோகிறது. 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் எப்படி வந்தன என்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு டிசம்பரில் திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்திலேயே பாதிப்பு கண்டறியப்பட்டு ரயில்கள் நிறுத்தப்பட்டன. ரயில் பாலத்தையே அசைக்கும் நீர் தரைப்பாலத்தின் மேல் நிற்கும் ஒரு தாருக்கு இரக்கம் காட்டாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் நீளம் ஏறத்தாழ 4 மீட்டர். பக்கவாட்டில் 40 செ.மீ. உயரத்துக்கு நீர் மோதினால் 1.6 சதுர மீட்டர் பரப்பில் மோதுகிறது. நீரின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால், அது வண்டியைத் தள்ளும் விசை சுமார் 320 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. இது பக்கவாட்டுத் தள்ளல் மட்டும். கீழிருந்து மிதப்பு விசையும் சேர்கிறது: தரைத்தளத்தின் பரப்பை 5 சதுர மீட்டர் என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், உள்ளே நீர் புகாத வரை, தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. நீரும் வண்டியின் எடையில் 500 கிலோவைத் தாங்கிக்கொள்கிறது. தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. அதற்கு மேல் முப்பது செ.மீ. நீர் ஏறினாலே டயர்களின் மேல் மிஞ்சும் எடை மிகச் சொற்பம். பிடிமானம் இல்லாத டயரும், பக்கத்திலிருந்து தள்ளும் நீரும், கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலமும் ஒன்று சேரும் இடத்தில் கூரையில் இருக்கும் குழாயால் என்ன பயன்? இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே அடித்துச் செல்லப்படலாம்.

ஒடுகத்தூர் சாமைக்கடை:

ஐயா, தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்போது நான் இறங்குவதில்லை. என் கேள்வி முக்கியமாகக் கானாறுகளைப் பற்றியது. அவை அகலம் குறைந்தவை. பாறையும் மணலும் கலந்த தரை. இடையிடையே பள்ளம் விழுந்து ஆழம் மாறிக்கொண்டே இருக்கிறது.

மலைப்பாதை பிக்கப்:

அண்ணா, அந்தப் பக்கத்துக் கானாறுகளைத்தான் நானும் கடக்கிறேன். என்னிடம் இருப்பது பொலேரோ பிக்கப், ஸ்நார்க்கல் கிடையாது. மலைக்குச் சரக்கு ஏற்றும் ஓட்டுநர்கள் யாரும் அதை வைத்து நான் பார்த்ததில்லை. கானாற்று வெள்ளம் மேலே மழை பெய்ததும் திடீரென வரும். மழை நின்றால் பெரும்பாலும் இரண்டு, மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். கரையில் நட்ட கல்லில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம். நீர் செம்மண் நிறத்தில் நுரையோடும் சருகோடும் வந்தால் இன்னும் ஏறப்போகிறது என்று பொருள். நிறம் தெளியத் தொடங்கிவிட்டால் இறங்குமுகம். பள்ளத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் கோலோடு முன்னால் நடந்து பார்ப்பார். நடப்பவருக்குக் கால் நிற்கவில்லை என்றால் வண்டியையும் இறக்குவதில்லை.

ஆம்பூர் ஜிம்னி:

எல்லாரும் நீரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பகுதியில் ஸ்நார்க்கலுக்கு அதைவிட நல்ல பயன் தூசிக்குத்தான் என்பது என் கருத்து. கோடையில் கல் குவாரிச் சாலைகளில் டிப்பர் லாரிகளின் பின்னால் போகும்போது தூசியின் அடர்த்தி பானட் உயரத்தில் அதிகமாகவும் கூரை உயரத்தில் குறைவாகவும் இருக்கிறது. ஸ்நார்க்கலின் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு, காற்றைச் சுழற்றித் தூசியைக் கிண்ணத்தில் தள்ளும் முன்வடிகட்டியை மாட்டினால் ஏர் ஃபில்டர் முன்பைவிட அதிக நாள் சுத்தமாக இருக்கிறது. நான் பொருத்தியதே அதற்காகத்தான். சாதாரணத் தலையையே வைத்திருப்பவர்கள், வரிசையாகப் போகும்போது அதைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டாலும் ஓரளவு பயன் உண்டு. எந்தத் தலையை மாட்டினாலும் மழைநீர் வெளியேறும் கீறல் அதன் பின்புறம் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான தலைகள் சிலவற்றில் அது வெறும் அச்சாக மட்டும் இருக்கிறது, திறப்பு இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. என் மாருதி ஜிம்னி வண்டியில் ஆறு ஏர்பேக்குகள் இருக்கின்றன. பக்கத் திரை ஏர்பேக்கின் பாகங்கள் கண்ணாடியை ஒட்டிய முன்தூணின் வழியாகப் போகின்றன. ஸ்நார்க்கலின் மேல் பிராக்கெட்டை அந்தத் தூணில்தான் திருகுகிறார்கள். உள் அட்டையைக் கழற்றிப் பார்க்காமல் நீளமான திருகை இறக்கும் பட்டறையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

விளம்பரங்களில் மைலேஜ் கூடும், குளிர்ந்த காற்றால் சக்தி கூடும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இப்போதைய வண்டிகள் பெரும்பாலும் கிரில் பக்கத்திலிருந்தே வெளிக்காற்றை எடுக்கின்றன. ஆகவே கிடைப்பது ஒன்றும் பெரிதில்லை. கூடுவது சத்தம்தான். டர்போவின் சீழ்க்கை காதருகே கேட்கும். சிலருக்கு அதுவே பிடித்திருக்கிறது.

வாலாஜா பாலிசி:

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தின்படி 182ஏ(4) பிரிவில், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஸ்நார்க்கல் என்ற சொல் பதிவுச் சான்றிதழில் எங்கும் இல்லை என்பதால் அது 52-ஆம் பிரிவுக்குள் வராது என்று வாதிடுவோர் உண்டு; அதைப் பொருத்துவதற்காக மட்கார்டை வெட்டுவது மாற்றமே என்று சொல்லும் அதிகாரியும் உண்டு. கூர்க்காவைப் போல உற்பத்தியாளரே பொருத்தி அனுப்புவதில் இந்தக் கேள்வியே எழாது. வண்டிக்கு வாரண்டி மீதமிருந்தால் வெட்டுவதற்கு முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னர் நிற்காது.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீரில் நின்றுபோன இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து அதனால் ராடு வளைந்தால், அது வெள்ளத்தால் நேர்ந்ததல்ல, பின்விளைவு என்று கூறி மறுப்பார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் நிலைமை மேல். அதிலும் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். ஸ்நார்க்கல் பொருத்தினால் அதை மின்சாரம் சாராத துணைக்கருவியாக நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் எழுதிக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டு நேரத்தில்தான் அவர்கள் கண்ணில் படும்.

ஒடுகத்தூர் சாமைக்கடை:

மிக்க நன்றி. பட்டறை ஐயாவிடம் இரண்டு கேள்விகள். பிளாஸ்டிக், ஃபைபர், இரும்பு என்று மூன்று வகை சொல்கிறார்கள். எது நல்லது? ஒரு நண்பர் ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாய் வாங்கி நாமே செய்துவிடலாம் என்கிறார், அது சரிப்படுமா?

காட்பாடி பட்டறை:

பிவிசி வேண்டாம். இன்ஜின் அறையின் வெப்பத்தில் அது இளகி இணைப்பு நெகிழ்ந்துவிடும். வேலூர் வெயிலில் வெளிப்பகுதி சில ஆண்டுகளில் நொறுங்கும் தன்மை அடையும். அதைவிட முக்கியம் குழாயின் உள்விட்டம். உங்கள் இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது டர்போ இல்லாவிட்டாலே நிமிடத்துக்கு 3,300 லிட்டர் காற்று வேண்டும். டர்போ முழு அழுத்தத்தில் இருந்தால் வெளிக்காற்றுக் கணக்கில் ஏறக்குறைய 6,500 லிட்டர். இது 75 மி.மீ. குழாயில் நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் போகும். 50 மி.மீ. குழாய் என்றால் 55 மீட்டர். உராய்வு இழப்பு வேகத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் சுமார் 5 மடங்கு ஆகிவிடும். ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறும், புகை கக்கும். ஆகவே உள்ளே 75 மி.மீ.-க்குக் குறையாத குழாயும், கூர்மையான முழங்கை வளைவு இல்லாத வழியும் அவசியம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் நல்ல ஸ்நார்க்கல்கள் பாலிஎத்திலீனில் வார்த்தவை. வெயிலைத் தாங்கும் கலவை சேர்த்திருப்பார்கள். மரக்கிளை அடித்தால் வளைந்து மீளும். ஃபைபரில் செய்தவை விலை குறைவு, ஆனால் கிளை அடித்தால் விரிசல் விடும். உள்சுவர் கரடுமுரடாகப் பிசின் துகள்களோடு இருக்கும். துகளை ஏர் ஃபில்டர் தடுத்துவிடும் என்பதால் அதற்காகப் பயப்பட வேண்டாம். வாங்கியதும் உள்ளே கழுவித் தேய்த்துவிட்டு மாட்டினால் போதும். ஸ்டீல் குழாய் உறுதியானது, எடை அதிகம். அதைத் தூணில் மட்டும் நம்பித் தொங்கவிட்டால் திருகுகள் தளரும்.

இனி பொருத்தும் முறை. முதலில் பானட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டிக்குக் காற்று எந்த வழியில் வருகிறது, எந்தப் பக்க மட்கார்டை ஒட்டி இருக்கிறது என்று பாருங்கள். காகித அச்சை வெளியே ஒட்டி, உள்ளே வயர், வாஷர் தொட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்த பின்னரே சிறிய துளை போட வேண்டும்; பிறகு வட்ட ரம்பத்தால் பெரிதாக்க வேண்டும். வெட்டிய விளிம்பை அரம் கொண்டு மழித்து, துத்தநாகப் பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, ரப்பர் விளிம்பு மாட்ட வேண்டும். அவசரத்தில் இந்த வேலையை விட்டுவிட்டால் இரண்டாவது மழைக்காலத்தில் பெயின்டுக்கு அடியில் துரு கொப்பளிக்கும். வெட்டும்போது பறக்கும் இரும்புத்தூள் ஃபில்டர் பெட்டிக்குள் விழாதபடி வாயைத் துணியால் அடைத்து, வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறக்காதீர்கள்; இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் துணியோடு ஸ்டார்ட் ஆகாமல் வந்த வண்டி எங்கள் பட்டறைக்கே வந்திருக்கிறது.

உள்ளே ஃபில்டர் பெட்டியையும் குழாயையும் இணைக்கும் ஹோஸுக்கு இரு முனையிலும் திருகு கிளிப் வேண்டும். சிலிகான் சீலன்ட்டை நிரந்தர இணைப்புகளில் மட்டும் பூசுங்கள். ஃபில்டர் பெட்டியின் மூடியில் பூசினால் அடுத்த சர்வீஸில் மூடியை உடைத்துத்தான் எடுப்பார்கள். மூடிக்கு நல்ல ரப்பர் கேஸ்கெட் போதும். வடிகால் வால்வை அடைத்துவிட வேண்டும். அடைத்த பிறகு, மழைக்காலத்தில் அவ்வப்போது பெட்டியைத் திறந்து ஈரம் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

கடைசியாகச் சோதனை: இன்ஜினை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கலின் வாயைத் தட்டையான ரப்பர் ஷீட்டால் மூட வேண்டும். சில நொடிகளில் இன்ஜின் தானாக நின்றால் இணைப்புகள் சரி. நிற்காமல் ஓடினால் எங்கோ வேறு வழியில் காற்று வருகிறது. காற்று வரும் வழியில் நீரும் வரும்.

ஆம்பூர் ஜிம்னி:

ஐயா, டர்போ டீசலில் அந்தச் சோதனையால் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகும் என்று கேள்விப்பட்டேன். புகை விட்டுப் பார்ப்பது மேல் அல்லவா?

காட்பாடி பட்டறை:

சரியான கேள்வி. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் மட்டும் செய்தால் ஹோஸ் தாங்கும். சப்பையானால் அந்த ஹோஸ் ஏற்கெனவே மாற்ற வேண்டியது. புகை எந்திரம் இருந்தால் அதுவே முதல் தேர்வு. கசிவு எந்த இணைப்பில் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அது இல்லாத இடத்தில் மூடிப் பார்க்கும் முறையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

பாலாற்றங்கரை:

ஆக்சில் சுவாசக் குழாயை முதல் பதிவில் தொட்டுவிட்டு விட்டுவிட்டீர்கள். அதை விரிவாக எழுதுங்கள். என்னைக் கேட்டால் ஸ்நார்க்கலுக்கு முன்னால் செய்ய வேண்டியது அதுதான்.

காட்பாடி பட்டறை:

நீங்கள் சொல்வது உண்மை. முன், பின் ஆக்சில்கள், கியர்பாக்ஸ், இரு ஆக்சில்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொன்றுக்கும் உள்காற்று வெளியேறச் சிறிய சுவாசத் துளை உண்டு. மலையேறி இறங்கி வந்த ஆக்சில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அது குளிர்ந்த கானாற்று நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். சுவாசத் துளை நீருக்குள் இருந்தால் நீரையே உறிஞ்சும். அது அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். உள்ளே போன நீர் ஆயிலோடு கலந்து பால் நிறமாகிவிடும். பிறகு பேரிங்கும் கிரவுன் பல்லும் மெல்லத் தேயும். இன்ஜினில் நீர் புகுந்தால் அந்த நொடியே தெரியும். இதுவோ சில மாதம் கழித்து ஊளைச் சத்தமாகத்தான் வெளிப்படும்.

தீர்வுக்கு அதிகச் செலவில்லை. எண்ணெய் தாங்கும் 8 மி.மீ. ஹோஸை ஒவ்வொரு துளையிலிருந்தும் இன்ஜின் அறையின் பின்சுவர் உச்சி வரை கொண்டுபோய், முனையில் சிறு ஃபில்டர் மாட்டலாம். ஆக்சில் மேலும் கீழும் ஆடுவதற்கேற்ப ஹோஸில் தளர்வு விடுங்கள். ஆனால் நடுவில் தொங்கும் வளைவு இருக்கக் கூடாது, அங்கே ஈரம் தேங்கி வழியை அடைக்கும். சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

மலைப்பாதை பிக்கப்:

இதை மட்டும் நானும் செய்திருக்கிறேன் அண்ணா. ஒன்று சேர்க்கிறேன்: கரைக்கு வந்ததும் உடனே இறங்காமல் சற்று நேரம் நிறுத்தி ஆறவிட்டால் பாதிச் சிக்கல் குறைகிறது. எப்படியும் நீர் இறங்கக் காத்திருக்கத்தான் வேண்டும்.

வாலாஜா பாலிசி:

நீரில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாராவது எழுதிவிடுங்கள். இழப்பீட்டுத் தகராறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

காட்பாடி பட்டறை:

சாவியைத் தொடக் கூடாது. தள்ளியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்துக் கயிறு கட்டி வெளியே இழுக்க வேண்டும். முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் நின்றதற்கு மின்சாரக் கோளாறு காரணமாக இருக்கலாம். நனைந்திருந்தால் டீசலில் குளோ பிளக்குகளையும், பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஃப்யூல் பம்பின் இணைப்பைத் துண்டித்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் நீர் தங்கியிருக்கும், அதைத் தனியாகக் கழற்றி வடிக்க வேண்டும். பலர் விடும் இடம் இதுதான். காப்பீடு கோருவதாக இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன், சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயருக்குச் சொல்லுங்கள்.

கடக்கும்போது குறைந்த விகித கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் செல்லுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள். பம்பருக்கு முன் எழும் அலை அப்படியே முன்னால் நகர்ந்துகொண்டிருந்தால் இன்ஜின் அறையில் நீர்மட்டம் தாழ்ந்தே இருக்கும். வேகமாகப் பாய்ந்து இறங்கினால் அலை பானட் மேல் ஏறும். ஃபேன் இறக்கை நீரில் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும்.

ஒடுகத்தூர் சாமைக்கடை:

அனைவரும் எழுதியதை வைத்து நான் எடுத்த முடிவு இது. முதலில் நான்கு சுவாசக் குழாய்களையும் உயர்த்தி, பாலிசியில் இன்ஜின் பாதுகாப்பைச் சேர்க்கிறேன். வாரண்டி குறித்து விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் சாதகமாக வந்தால் பாலிஎத்திலீன் ஸ்நார்க்கலை வாங்குவேன், வராவிட்டால் மட்கார்டை வெட்டப்போவதில்லை. நீர் 650 மி.மீ.-க்கு மேல் இருந்தால் இரண்டு நிலையிலும் கரையிலேயே நிற்பேன். பட்டறை ஐயா, சுவாசக் குழாய் வேலைக்கு வண்டியை எவ்வளவு நேரம் விட வேண்டும்?

காட்பாடி பட்டறை:

காலையில் விட்டால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓட்டி வந்த சூட்டோடு ஆக்சில் பக்கம் வேலை செய்ய முடியாது. முந்தைய இரவே கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். வரும்போது இரு ஆக்சில்களின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற சர்வீஸ் ரசீதையும் எடுத்து வாருங்கள். துளையைத் திறக்கும்போதே ஆயிலின் நிறத்தையும் பார்த்துவிடலாம்.